திருத்தப்பட்ட இளமை

ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் முதல் ஆல்பமான ‘ராக்கா ரோலா’ வெளிவந்தது 1974 செப்டம்பரில். அதன் ஐம்பதாம் ஆண்டில், 2024இல், மூல ஒலிநாடாக்களிலிருந்து புதிதாகக் கலவை செய்யப்பட்டு அது மறுபடியும் வெளியிடப்பட்டது. கலவை செய்தவர் டாம் ஆலம். 1979 தொடங்கி 1988 வரை அக்குழுவின் புகழ்பெற்ற ஆல்பங்களைத் தயாரித்தவர். இந்த மறுவெளியீட்டை வரவேற்கும் ரசிகர்கள் சொல்லும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: ஐம்பது வருடம் அந்நியர் வீட்டில் அடிமையாகக் கிடந்த பிள்ளை பெற்றவர்களிடம் திரும்பியிருக்கிறது, அழுக்குத் தேய்த்துக் குளிப்பாட்டிப் புத்தாடை உடுத்திக் கூட்டி வருகிறார்கள், இதில் உனக்கென்ன வலி? பிள்ளை திரும்பியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் குளிப்பாட்டியதோடு நிற்கவில்லை, பிறப்புச் சான்றிதழையும் திருத்தி எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

ரீமிக்ஸ் என்றதும் நம்மவர்களுக்குப் பழைய திரைப்பாடலின் மேல் புதுத்தாளத்தை ஏற்றி இடையில் நாலு வரி ஆங்கிலம் பேசவிடும் வழக்கம்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல், கிடார், பேஸ், டிரம்ஸ் ஒவ்வொன்றும் நாடாவில் தனித்தனித் தடங்களில் பதிவாகின்றன. எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்வாங்க வேண்டும், எதற்கு எவ்வளவு எதிரொலி என்று முடிவுசெய்து அவற்றை இரண்டு தடங்களாகச் சேர்ப்பது கலவை. அப்படிச் சேர்த்து முடித்ததை அளவும் தெளிவும் பார்த்து மெருகேற்றுவது ரீமாஸ்டர். பழைய ஓவியத்தின் மேல் படிந்த தூசியைத் துடைப்பது போன்றது பின்னது. முன்னதோ ஓவியரின் வண்ணங்களை மறுபடி தட்டில் பிழிந்து, வேறொருவர் வேறு விதமாகத் தீட்டுவது. கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இலக்கியப் பத்திரிகை படிப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அச்சுப்பிழை திருத்துவதற்கும் வாக்கியத்தை மாற்றி எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அடிமை வாழ்வின் கதையைச் சொல்லாமல் வழக்கை நடத்த முடியாது. பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் வெஸ்ட் பிராம்விச்சில் உருவான இந்தக் குழுவை 1974இல் ஒப்பந்தம் செய்தது லண்டனின் கல் ரெக்கார்ட்ஸ் என்னும் சிறு நிறுவனம். (கல் என்றால் கடற்காகம். தமிழில் எழுதும்போது கல்லாகிவிடுகிறது; பொருத்தம்தான்.) அந்த நிறுவனத்துக்காக இரண்டே ஆல்பங்கள்: 1974இல் ‘ராக்கா ரோலா’, 1976இல் ‘சாட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி’. இரண்டாவதைப் பதிவுசெய்த நாட்களில் ஒருவேளைச் சாப்பாட்டோடு வேலை பார்த்திருக்கிறார்கள். கிடாரிஸ்ட் கிளென் டிப்டன் தோட்டக்காரராகவும், இன்னொரு கிடாரிஸ்ட் கே.கே. டவுனிங் தொழிற்சாலைக் கூலியாகவும், பேஸ் வாசித்த இயன் ஹில் சரக்கு வண்டி ஓட்டுநராகவும் இருந்தார்கள். வாரம் 25 பவுண்டு கொடுத்தால் அந்த வேலைகளை விட்டுவிட்டு இசையைப் பார்ப்போம் என்று கேட்டபோது நிறுவனம் மறுத்துவிட்டது. 1977இல் சிபிஎஸ் அழைத்ததும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போனார்கள். அதற்குக் கொடுத்த விலை அந்த இரண்டு ஆல்பங்களும், அக்காலத்தில் பதிவான மாதிரி நாடாக்களும். எல்லாம் கல் ரெக்கார்ட்ஸின் சொத்தாகின.

அதன்பின் நடந்தது மறுவெளியீட்டு வியாபாரத்தின் அகராதியில் சேர்க்கத்தக்கது. குழு உலகப் புகழை நோக்கி ஏற ஏற, கையிலிருந்த இரண்டே ஆல்பங்களை விதவிதமாக வெட்டி ஒட்டிப் புதுச் சரக்குபோல விற்றார்கள். இரண்டு ஆல்பம் மட்டுமே கையில் வைத்துக்கொண்டு 1978இல் ‘தி பெஸ்ட் ஆஃப் ஜூடாஸ் ப்ரீஸ்ட்’ என்று தலைப்பிடும் துணிச்சலை என்னவென்பது! 1981இல் ‘ஹீரோ, ஹீரோ’ என்றொரு தொகுப்பு. 1980களில் முதல் ஆல்பத்தின் அட்டையே மாற்றப்பட்டது. ஜான் பாஷே வடிவமைத்த மூல அட்டையில் ஒரு குளிர்பானப் புட்டியின் மூடி, கோகோ கோலாவின் எழுத்துருவைக் கேலிசெய்யும் எழுத்தில் தலைப்பு. அதை எடுத்துவிட்டு இறக்கை முளைத்த போர்வீரன் ஒருவனின் அதிபுனைவு ஓவியத்தை ஒட்டினார்கள். உள்ளே இருப்பது ப்ளூஸ் வாடை போகாத ராக் இசை. வெளியே 1980களின் மெட்டல் சந்தைக்கான முகமூடி. வாங்கியவன் ஏமாந்திருப்பான். 2001, 2002 ஆண்டுகளில் கொலம்பியா நிறுவனம் குழுவின் பழைய ஆல்பங்களை வரிசையாக ரீமாஸ்டர் செய்து வெளியிட்டபோது அந்த வரிசை 1977இன் ‘சின் ஆஃப்டர் சின்’ ஆல்பத்திலிருந்து தொடங்கியது. முதல் இரண்டு பிள்ளைகள் குடும்பப் புகைப்படத்தில் இல்லை.

இந்த அநியாயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ரசிக நண்பர்களிடம் ஒரு கேள்வி. அந்த 1981ஆம் வருடத் தொகுப்பில் ‘ராக்கா ரோலா’ பாடல்களில் கை வைத்து மறுகலவை செய்திருந்தார்கள். குழுவைக் கேட்காமல், மூல வடிவத்தை மதிக்காமல் செய்த காரியம் என்று அதைக் கண்டிக்கிறீர்கள், சரி. 2024இல் நடந்ததும் அதே மறுகலவைதானே? இம்முறை குழுவின் ஒப்புதல் இருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. அப்படியானால் உங்கள் ஆட்சேபம் எப்போதுமே சொத்துரிமை பற்றியது, அந்த ஒலிப்பதிவைப் பற்றியதல்ல. திருடன் வீட்டை இடித்தால் குற்றம், உரிமையாளர் இடித்தால் புதுப்பித்தல். வீட்டைப் பொறுத்தவரை இரண்டு தடவையும் சுவர்தான் விழுந்தது.

‘இசைக்கலைஞர்கள் நினைத்த வடிவம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது’ என்பது அடுத்த வாதம். இதுதான் நின்று பேசவேண்டிய இடம். 1974 கோடையில் லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் இந்த ஐந்து பேர் என்ன நினைத்திருந்தார்கள்? பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு வயது 22. குழுவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. டிப்டன் சேர்ந்து சில வாரங்களே. பிற்காலத்தில் இந்தக் குழுவின் அடையாளமாகவே ஆகிவிட்ட இரட்டைக் கிடார், ஒருவரையொருவர் துரத்தியும் கைகோத்தும் செல்லும் அந்த டவுனிங்-டிப்டன் உரையாடல், அப்போதுதான் முதல் வார்த்தை பேசக் கற்றுக்கொண்டிருந்தது. பாடல்களில் ‘நெவர் சாட்டிஸ்ஃபைட்’, ‘வின்டர்’, ‘கேவியர் அண்ட் மெத்ஸ்’ ஆகியவற்றில் முந்தைய பாடகர் ஆல் அட்கின்ஸின் பங்கு இருக்கிறது. அவர் ஆல்பம் வருவதற்கு முந்தைய வருடமே விலகிப் போயிருந்தார். போனவரின் பாடல்கள், வந்தவரின் குரல், நேற்று சேர்ந்தவரின் கிடார். இந்தக் கலவரமான நிலையில் ‘நினைத்த வடிவம்’ என்று ஒன்று திரண்டு நின்றது என்பது பிற்காலத்தில் கட்டிய கதை.

தயாரிப்பாளர் ரோட்ஜர் பெய்ன் சாமானியரல்ல. பிளாக் சபாத்தின் முதல் மூன்று ஆல்பங்களை உருவாக்கியவர். ஜூடாஸ் ப்ரீஸ்ட் விஷயத்தில் அவர் எடுத்த முடிவுகள் பல தவறானவை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மேடையில் வாசித்து வாசித்துத் தேறியிருந்த ‘டைரன்ட்’, ‘ஜெனசைட்’, ‘தி ரிப்பர்’ ஆகியவற்றை வேண்டாமென்று ஒதுக்கினார். பத்து நிமிட நீளமிருந்த ‘கேவியர் அண்ட் மெத்ஸ்’ பாடலை இரண்டு நிமிடத் துண்டாக்கி, சொற்களையும் நீக்கிவிட்டார். தொழில்நுட்பக் கோளாறுகளால் பதிவில் இரைச்சல் படிந்தது. ஆனால் இவையெல்லாம் நடந்தவை. பெய்ன் நறுக்கிய எட்டு நிமிடத்தை எந்தக் கலவையாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. வாசிக்காததை எந்தக் கருவியும் உரக்க ஒலிக்க வைக்காது. தவறுகளில் பெரியவை அப்படியே இருக்க, ஒலியின் வடிவத்தை மட்டும் மாற்றுவதால் கிடைப்பது மூலமும் அல்ல, கனவும் அல்ல. 1974இன் எலும்பின் மேல் வேறொரு காலத்தின் சதை.

வேடிக்கை என்னவென்றால், 1970இல் வெளிவந்த பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தை பெய்ன் தயாரித்தபோது அவருக்கு அருகில் ஒலிப்பொறியாளராக இருந்தவர் இதே டாம் ஆலம்தான். அவருடைய திறமையை நான் மதிக்கிறேன். 1980இன் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பத்தை அவர் செய்த விதத்தில் மெட்டல் இசையின் இலக்கணமே எழுதப்பட்டது எனலாம். என் பயமே அங்குதான். இலக்கணம் எழுதியவரிடம் இலக்கணத்துக்கு முந்தைய பேச்சை ஒப்படைத்தால் அவர் என்ன செய்வார்? திருத்துவார். தோல் உடையும் ஆணிகளும் மோட்டார் சைக்கிளும் இல்லாத ஒரு ஜூடாஸ் ப்ரீஸ்ட் 1974இல் இருந்தது. ஹால்ஃபோர்ட் ஹார்மோனிகா வாசிக்கும் ஜூடாஸ் ப்ரீஸ்ட். 1975இல் பிபிசியின் ‘ஓல்டு கிரே விசில் டெஸ்ட்’ நிகழ்ச்சியில் அவர்கள் வாசித்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஹிப்பிக் காலத்தின் நீண்ட கூந்தலும் தொளதொள உடையும் பூண்டு, தாங்கள் எந்தக் கட்சி என்றே தெரியாமல் நிற்கும் இளைஞர்கள் அவர்கள். பின்னால் வரப்போவதை அறிந்தவர்கள் அந்த இளைஞர்களின் தயக்கத்தையெல்லாம் குறை என்று படித்து நிரவுகிறார்கள். முன்னோடியை வழித்தோன்றலின் சாயலில் வரைவது வரலாற்றில் எந்தத் துறையிலும் பெரும் பிழை.

‘ரன் ஆஃப் தி மில்’ பாடலைக் கேளுங்கள். எட்டரை நிமிடம். அவசரமில்லாமல் தொடங்குகிறது, நடுவில் நெடுந்தூரம் கிடார் எங்கே போகிறோம் என்ற கவலையின்றி நடக்கிறது, கடைசியில் ஹால்ஃபோர்டின் குரல் திடீரென்று உச்சத்துக்கு எழும்பி அங்கேயே நிற்கிறது. இரண்டு வருடம் கழித்து ‘விக்டிம் ஆஃப் சேஞ்சஸ்’ பாடலில் இதே குரல் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. முந்தைய பாடலில் அந்தக் குரல் தனக்கு அவ்வளவு உயரம் இருப்பதை முதன்முறையாகக் கண்டுபிடித்துத் தானே திகைப்பதுபோல எனக்குத் தோன்றும். சுற்றிலும் உள்ள ஒலி மெலிந்து இருப்பதால்தான் அந்தத் திகைப்பு கேட்கிறது. அறை சிறியது, ஆள் பெரியவன். சுற்றி ஒரு பெரிய மண்டபத்தைக் கட்டிவிட்டால் குரல் பொருந்திவிடும், திகைப்பு போய்விடும்.

மறுவெளியீட்டின் பெயரால் இதைவிடப் பெரிய கொடுமைகள் நடந்திருக்கின்றன. ஓஸி ஆஸ்போர்னின் ‘பிளிசார்ட் ஆஃப் ஓஸ்’, ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’ ஆகிய இரண்டும் 2002இல் மறுவெளியீடு கண்டபோது பாப் டெய்ஸ்லியின் பேஸும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸும் அழிக்கப்பட்டு, வேறிருவரை வைத்து வாசித்துப் பொருத்தியிருந்தார்கள். அந்த இருவரும் உரிமைத்தொகை கேட்டு வழக்காடிக்கொண்டிருந்த காலம் அது. 1982இல் விமான விபத்தில் இறந்துபோன கிடாரிஸ்ட் ராண்டி ரோட்ஸ், தான் ஒருநாளும் சேர்ந்து வாசித்திராதவர்களோடு அந்தத் தட்டுகளில் வாசிக்கிறார். 2011இல்தான் மூலப் பதிவுகள் திரும்பின. மோட்டர்ஹெட்டின் கதை வேறு விதம். வேல்ஸின் ராக்ஃபீல்டு கூடத்தில் பதிவான அவர்களுடைய முதல் ஆல்பத்தை விலைபோகாது என்று யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் அலமாரியில் போட்டுவிட்டு, வேறு நிறுவனத்தில் அவர்கள் புகழ்பெற்றதும் 1979இல் ‘ஆன் பரோல்’ என்று தூசி தட்டி விற்றது. அதில் லூகாஸ் ஃபாக்ஸின் டிரம்ஸ் மேல் ஃபில் டெய்லர் தன் டிரம்ஸை வாசித்து மூடியிருப்பார், ஒரே ஒரு பாட்டு தவிர. ஆனால் அந்த மாற்றம் ஆல்பம் உருவான காலத்திலேயே நடந்தது, அதுவே மூலம். எப்போது திருத்தப்பட்டது என்பது எதைத் திருத்தினார்கள் என்பதைப் போலவே முக்கியம்.

அயர்ன் மெய்டனைப் பாருங்கள். 1980இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் ஒலி குறித்து அவர்களுக்கே திருப்தியில்லை. தயாரிப்பாளர் வில் மலோனைப் பற்றி வெளிப்படையாகவே குறை சொல்லியிருக்கிறார்கள். பணமும் உரிமையும் அதிகாரமும் கையிலிருந்தும் அந்த ஆல்பத்தை அவர்கள் ரீமாஸ்டர்தான் செய்தார்களே தவிரக் கலவையைக் கலைக்கவில்லை. 1998இன் மறுவெளியீட்டில் ‘சாங்க்சுவரி’ பாடலை இடையில் செருகினார்கள், அவ்வளவே. அதற்கும் முந்தைய ‘தி சவுண்டுஹவுஸ் டேப்ஸ்’ 1978இன் கடைசி இரண்டு நாட்களில் கேம்பிரிட்ஜில் பதிவானது. மறுவருடம் 5,000 பிரதிகள் அச்சிட்டார்கள். மாஸ்டர் நாடாவை வாங்கக் கையில் பணமில்லாமல் விட்டுவிட்டு, மறுபடி போனபோது அதன்மேல் வேறு எதையோ பதிவுசெய்து அழித்துவிட்டிருந்தார்களாம். அழிந்த நாடாவை யாராலும் மறுகலவை செய்ய முடியாது என்று நினைக்கையில் எனக்குக் குரூரமான ஒரு நிம்மதி வருகிறது.

‘படைப்பாளிக்குத் தன் படைப்பைத் திருத்தும் உரிமை இல்லையா?’ என்று நண்பர் ஒருவர் சீறினார். உண்டு. நாவலாசிரியர் இரண்டாம் பதிப்பில் அத்தியாயத்தையே மாற்றலாம். ஆனால் ‘திருத்திய பதிப்பு’ என்று அட்டையில் போட்டுவிட்டு முதல் பதிப்பை நூலகத்திலிருந்து தூக்கிக்கொண்டு போகும் உரிமை அவருக்கில்லை. பாடபேதங்களை ஒப்பிட்டுப் பார்ப்பவனுக்கு இரண்டும் வேண்டும். மேலும், இது ஒரு கை எழுதிய நாவலல்ல. டிரம்ஸ் வாசித்த ஜான் ஹிஞ்ச் 2021இல் காலமானார். தன் தாளம் எந்த அளவில் ஒலிக்க வேண்டும் என்று 2024இல் யாரும் அவரைக் கேட்டிருக்க முடியாது. பெய்னின் முடிவுகளும் அந்தத் தட்டின் படைப்பில் ஒரு பகுதி. கெட்ட முடிவானாலும் அது ஒரு கையெழுத்து. ஐந்து பேர் வாசித்து ஆறாவது ஆள் தீர்மானித்ததை, எஞ்சியவர்களின் ஒப்புதலோடு ஏழாவது ஆள் மாற்றுகிறார். இதில் ‘படைப்பாளி’ என்ற ஒருமைச் சொல் யாரைக் குறிக்கிறது?

இன்னொன்றும் உண்டு. இணையத்தில் பாட்டுக் கேட்கும் காலத்தில் எந்த வடிவம் உரிமையாளரால் முன்வைக்கப்படுகிறதோ அதுவே ‘ராக்கா ரோலா’ ஆகிவிடும். முன்பு கல் நிறுவனம் எத்தனை மோசடித் தொகுப்பு போட்டாலும் பழைய தட்டு யாராவது ஒருவருடைய வீட்டில் இருக்கும். கடன் வாங்கிக் கேட்கலாம். இன்று இருபது வயது இளைஞன் தேடும்போது முதலில் வந்து நிற்பது எதுவோ அதுதான் அவனுக்கு 1974. கொள்ளையடித்த நிறுவனத்தால் முப்பது நாற்பது வருடத்தில் செய்ய முடியாததை அன்பு நிறைந்த கைகள் ஒரே வெளியீட்டில் செய்துவிடக்கூடும்.

‘சாட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி’ பற்றி எனக்கு இதைவிடப் பெரிய கவலை. ‘ராக்கா ரோலா’ சுமாரான ஆல்பம், அதைக் காப்பாற்ற என்ன இவ்வளவு சண்டை என்று கேட்பவர்கள்கூட இதன் முன் வாயடைப்பார்கள். பேட்ரிக் வுட்ராஃப் தீட்டிய வீழ்ந்த தேவதை அட்டையில். உள்ளே நவீன மெட்டலின் விதை முழுவதும். ராக்ஃபீல்டில் 1975இன் கடைசி மாதங்களில் பதிவானது. தயாரித்தவர்கள் ஜெஃப் கால்வெர்ட்டும் மேக்ஸ் வெஸ்ட்டும். இந்த இருவர்தான் அதே வருடம் ‘டிபிக்கலி ட்ராபிக்கல்’ என்ற பெயரில் ‘பார்படோஸ்’ என்னும் விடுமுறைக் குதூகலப் பாட்டைப் பாடிப் பிரிட்டனின் முதலிடத்தைப் பிடித்தவர்கள்! கடற்கரையும் வெயிலும் பாடிய அதே கைகள் நரகத்தின் கதவைத் திறந்துவைத்தன என்பதை எந்தப் புனைகதையாளனும் நம்பும்படி எழுத முடியாது. அந்த ஒலியின் விசித்திரமான தூய்மை, பியானோவும் அலறலும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் அருகருகே நிற்கும் அந்த வெளிச்சம், மெட்டல் இலக்கணம் படித்த ஒருவரின் கைக்கு வராது. அந்த ஆல்பத்தில் எது முதல் பக்கம் என்பதே இன்றுவரை தகராறு. சில பதிப்புகள் ‘பிரிலூட்’ என்ற சிறு வாத்திய இசையில் தொடங்குகின்றன. சில ‘விக்டிம் ஆஃப் சேஞ்சஸ்’ பாடலில். பதிப்பாசிரியர் என்று ஒருவர் தேவைப்படுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். முதல் தட்டின் வரிசையை ஆராய்ந்து, அட்டை என்ன சொல்கிறது, தட்டின் நடுவில் ஒட்டிய தாள் என்ன சொல்கிறது என்று குறிப்பெழுதி வெளியிட்டால் நான் கைகட்டி நின்று வாங்குவேன். அந்த வேலைக்கு ஆள் தேடாமல் கலவை மேசைக்கு ஆள் தேடுகிறார்கள்.

ஆகவே நண்பர்களே, இந்த இரண்டு ஆல்பங்களின் எந்த மறுவெளியீட்டையும் வாங்குமுன் அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய கலவையும் உள்ளே இருக்கிறதா? கல் நிறுவனத்தின் அலமாரியில் கிடந்த மாதிரி நாடாக்களில் எவை எஞ்சியிருக்கின்றன என்ற பட்டியல் உண்டா? எந்தப் பாட்டில் அட்கின்ஸின் பங்கு, எந்த அட்டை எந்த வருடத்தியது, எந்த நாடாவிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு உண்டா? இருந்தால் டாம் ஆலமின் கலவையை இரண்டாவது தட்டாகப் போட்டுக் கேட்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. நானே கேட்பேன், சத்தமாகக் கேட்பேன். இல்லாவிட்டால் பழைய தட்டு வைத்திருப்பவர் யாரென்று விசாரியுங்கள். அந்த இரைச்சலோடு சேர்த்துக் கடன் வாங்குங்கள்.